பனியில் ஐந்து துளைகள்

அத்தியாயம் ஏழு

இங்கா வண்டியை விட்டு இறங்குவதற்குள் அவளுடைய அண்ணன் ஆண்டர்ஸ், எம்மெட் ரஸ்க்கின் தாடையை உடைத்துவிட்டிருந்தான்.

ரஸ்க் தன் வீட்டுப் படிக்கட்டில் மல்லாந்து கிடந்தான். துப்பாக்கிக் கட்டையால் வாங்கிய அடி. வாயிலிருந்து கொட்டிய ரத்தம் படியில் கிடந்த பனியைக் குடைந்துகொண்டு இறங்கியது. ஆண்டர்ஸ் இரண்டாவது முறை ஓங்கியபோது இங்கா ஓடிப்போய் அவன் முதுகில் மோதினாள். இருவரும் உருண்டார்கள். அவன் முழங்கை பட்டு அவள் புருவம் கிழிந்தது. தங்கையின் முகத்தில் ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் அவன் கை தாழ்ந்தது.

மூன்று நாளைக்கு முன்னால் அவர்களுடைய தம்பி நீல்ஸை வில்லோ ஓடைப் பள்ளத்தில் யாரோ சுட்டுக் கொன்றிருந்தார்கள். ஓடைத் தண்ணீருக்காக நீல்ஸும் ரஸ்க்கும் இரண்டு வருடமாகக் கோர்ட்டில் முட்டிக்கொண்டிருந்தார்கள். ஊருக்கு அது போதும். ஆண்டர்ஸுக்கும் போதும். ஷெரிஃப் கணவாய்க்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டிருந்தார். சரிந்த பனியை அள்ளி முடித்து மறுநாள் காலைக்குள் வழி விட்டால் உண்டு.

"பொழுது சாயுற வரைக்கும் டைம் தரேன்" என்றான் ஆண்டர்ஸ், மூச்சு வாங்க. "நீதான் பில்லிங்ஸ் டவுன்ல பன்னெண்டு வருஷம் துப்பறிஞ்சு கிழிச்சவளாச்சே. இவன் இல்லேன்னு காட்டு. காட்ட முடியலேன்னா இவன் குழிக்குப் போறான், நான் ஜெயிலுக்குப் போறேன்."

சொன்னதைச் செய்கிறவன் அவன். சாலைக்கு எதிர்ப்புறம் தன் பிக்கப்பை நிறுத்தி, ஜன்னலை இறக்கி, துப்பாக்கியை அதன் மேல் சாய்த்து, ரஸ்க்கின் கதவைக் குறிவைத்து உட்கார்ந்தான். ரேடியோவையும் அணைத்துவிட்டான். மணி அப்போது ஒன்று. நவம்பரில் நாலரைக்கு வெளிச்சம் போய்விடும்.

துப்பறியும் வேலையில் இங்காவுக்கு உதவியாளான மெர்ல் பிக்கெட் ரஸ்க்கை உள்ளே இழுத்துப் போட்டு, துண்டால் தாடையைத் தலையோடு சேர்த்துக் கட்டினான். மெர்ல் இருபது வருடம் ரோடியோ என்கிற காளைச் சவாரிப் போட்டிகளில் கோமாளியாக இருந்தவன். காளை யாரைக் குத்த வந்தாலும் குறுக்கே ஓடி அதை வேறு பக்கம் திருப்புவதுதான் தொழில். இப்போதும் ஏறக்குறைய அதே வேலைதான்.

"பேசாதீங்க சார்" என்று ரஸ்க்கிடம் சொன்னான். "இந்த ஊர்ல வாயை மூடிக்கிட்டிருக்கறவன்தான் பொழைக்கறான். இன்னிக்கி உங்களுக்கு அது ரொம்ப சுலபம்."

பேச முடியாத ரஸ்க் கொட்டகையைக் கைகாட்டினான். சுட்ட தோட்டாக் கூடுகளில் மருந்தும் குண்டும் மறுபடி நிரப்புவதற்கு அவன் வைத்திருந்த மேஜை அங்கே இருந்தது. மேஜையில் ஒரு கண்ணாடி ஜாடி. அதில் சுட்டு முடித்த பித்தளைக் கூடுகள், இன்னும் கழுவாமல், கரி படிந்தபடியே, தொண்ணூறு. எடுத்துப் போ, பார்த்துக்கொள் என்று கையால் தள்ளினான்.

இங்காவுக்கு வேண்டியதும் அதுதான்.

நீல்ஸ் செத்துக் கிடந்த இடத்தை அவள் தானே போய்ப் பார்த்திருந்தாள். சுட்டவன் அறுபது தப்படி தள்ளி நின்றிருந்தான். மூன்று குண்டு. நீல்ஸ் விழுவதற்கு முன் இரண்டு திருப்பிச் சுட்டிருந்தான். சூடான பித்தளை பனியில் விழுந்தால் பென்சில் நுழைகிற அளவுக்குத் துளை போட்டுக்கொண்டு இறங்கும். சுட்டவன் நின்ற இடத்தில் மூன்று துளை, நீல்ஸின் முழங்காலுக்குப் பக்கத்தில் இரண்டு துளை. ஐந்தும் காலி. ஐந்திலும் விரல் விட்டுத் தோண்டிய தடம்.

தன் மூன்று கூட்டையும் கொலைகாரன் பொறுக்கியதில் அர்த்தம் உண்டு. நீல்ஸின் இரண்டை எதற்குப் பொறுக்கினான்? அதனால் அவனுக்கு ஒரு ஆபத்தும் இல்லை. அது புத்தி செய்த வேலையே இல்லை என்று இங்கா முடிவு கட்டினாள். தோட்டா நிரப்புகிறவர்களின் பழக்கம் அது. நல்ல பித்தளை தரையில் கிடப்பதை அவர்களால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. சர்ச்சுக்குப் போகிற வழியில் கிடந்தாலும் குனிவார்கள்.

ஆக, கொலைகாரன் யாராக இருந்தாலும் அவனுடைய கூடுகளோடு நீல்ஸின் துப்பாக்கியில் வெடித்த இரண்டு கூடு கலந்திருக்கிறது. ஒரு துப்பாக்கியில் வெடித்த பித்தளை அந்தத் துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறைக்குத் தக்கபடி உப்பிக்கொள்ளும் என்பது அவளுக்குத் தெரியும். அந்த ஊரில் எல்லோரும் சுடுவது ஒரே அளவுத் தோட்டா என்பதும் தெரியும். எதை, எதைக் கொண்டு அளப்பது என்பதுதான் தெரியாது. அவள் வாழ்நாளில் பெட்டித் தோட்டா தவிர வேறு வாங்கியதில்லை. நீல்ஸும் அப்படித்தான், சுட்ட கூடுகளைக் காப்பி டப்பாவில் போட்டு வைத்திருப்பான், அவ்வளவுதான். அந்த டப்பாவிலிருந்து பன்னிரண்டு கூடுகளை அவள் கைக்குட்டையில் முடிந்து எடுத்து வந்திருந்தாள்.

ஊரில் அளவுக் கருவிகள் விற்கிற கடை ஒன்றுதான். ஆர்லோ ஸ்டென்னுடையது.

ஆர்லோவுக்கு எழுபது வயது. துப்பாக்கி பழுது பார்ப்பார், வெடிமருந்து விற்பார், நிரப்புகிற எந்திரங்கள் விற்பார். நீல்ஸ் செத்ததும் முதல் ஆளாகக் கேக்கோடு துக்கம் கேட்க வந்தவர். இங்காவின் புருவத்தைப் பார்த்ததும் நாற்காலி இழுத்துப் போட்டு, காப்பி ஊற்றிக் கொடுத்து, விஷயத்தைக் கேட்டார். முழுக்கக் கேட்டுவிட்டுக் கண்ணாடிப் பெட்டியைத் திறந்தார்.

பெட்டிக்குள் வரிசையாக இருந்தன: வட்ட முகமும் முள்ளும் வைத்த வெர்னியர், மைக்ரோமீட்டர், நடுவில் துளை போட்ட குட்டையான எஃகு உருளைகள். ஆர்லோவின் கை நேரே வெர்னியருக்குப் போனது.

"இது போதும்மா. பித்தளை வெடிச்சா நீளும். நீளத்தை அளந்தா முடிஞ்சுது கதை."

அந்த உருளைகள் எதற்கு என்று இங்கா கேட்டாள். குளிர்காலத்தில் பொழுது போகாதவர்கள் வாங்கி விளையாடுவது என்றார் ஆர்லோ. பிறகு அவரே கூடுகளை ஒவ்வொன்றாக வெர்னியரின் இரண்டு தாடைக்கும் நடுவில் வைத்து, நீளத்தைப் படித்துச் சொல்லிக்கொண்டே போனார். முதலில் நீல்ஸின் பன்னிரண்டு. அப்புறம் ரஸ்க்கின் தொண்ணூறு. எழுபத்தி மூன்றாவதில் ஒரு முறை, எண்பத்தி எட்டாவதில் ஒரு முறை அவர் கை நின்றது. இரண்டும் நீல்ஸின் கூடுகளோடு ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலம்கூடப் பிசகாமல் ஒத்துப்போயின.

ஆர்லோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இங்காவின் தோளில் கை வைத்தார்.

அவள் வெர்னியரை வாங்கிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். வண்டியின் முன்கண்ணாடிக்குக் கீழே நீல்ஸின் கையுறை கிடந்தது. மூன்று நாளாக அதை எடுத்து வைக்க அவளுக்குக் கை வரவில்லை. ஆண்டர்ஸிடம் போய், நீ நினைத்தது சரிதான், ஆனாலும் சுடாதே என்று சொல்ல வேண்டும். அவன் முதல் பாதியை மட்டும் கேட்பான்.

கடை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்த மெர்ல் வண்டியைக் கிளப்பவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கடைப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன?" என்றாள்.

"அம்மணி, நான் போன வருஷம் இந்தக் கடைக்கு ஒரு ஸ்க்ரூ வாங்க வந்தேன். ஒத்த ஸ்க்ரூ. வெளிய வரும்போது என் கையில எந்திரம், தராசு, மூணு புஸ்தகம். மூத்திரம் போக வந்தவனுக்குக்கூட எதையாவது கட்டிக் குடுக்கற ஆளு அது. இன்னிக்கி எழவு வீட்டுக்காரி வந்து எதைக் குடுத்தாலும் வாங்கிக்கறேன்னு நிக்கறா. இருக்கறதுலயே மட்டமானதை எடுத்து நீட்டறாரு."

"அதனால?"

"வெர்னியர் மட்டும் போதும்னு நான் அன்னிக்கிச் சொன்னேன். மூஞ்சியில அடிச்ச மாதிரி கேட்டாரு, நீ குதிரை வாங்கப் போனா வாலை அளந்து பாத்தா வாங்குவேன்னு. நீளத்தை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாதாம், எதோட வேணா எது வேணா ஒத்துப்போகுமாம். கூட்டுக்குக் கழுத்து இருக்கு பாருங்க, அதுக்குக் கீழ தோள். துப்பாக்கிக்குத் துப்பாக்கி மாறுறது அந்தத் தோளாம். அந்த உருளைதான் அதை அளக்கற கேஜ். என் தலையில கட்டாம விடலை."

இங்கா மெதுவாகத் திரும்பி அவனைப் பார்த்தாள். "அது இப்ப எங்க?"

"சமையல்கட்டு ஜன்னல் மேல தூக்கினா நிக்க மாட்டேங்குது. முட்டுக் குடுத்து வெச்சிருக்கேன்."

மெர்லின் டிரெய்லர் வீடு தீவனக் கடைக்குப் பின்னால்தான். உருளையை உருவியதும் ஜன்னல் படாரென்று கீழே விழுந்தது. கேஜை உதறித் துடைத்து மேஜையில் நிறுத்தினார்கள். கூட்டைத் தலைகீழாக அதன் துளையில் போட்டால் தோள் உள்ளே போய் உட்கார வேண்டும். சரியான கூடு விளிம்போடு மட்டமாக நிற்கும். ரஸ்க்கின் தொண்ணூறும் மட்டமாக நின்றன. ஆர்லோ பிரித்து வைத்த அந்த இரண்டும்கூட. நீல்ஸின் பன்னிரண்டில் ஒன்றுகூட மட்டமாக நிற்கவில்லை. ஒவ்வொன்றும் விளிம்புக்கு மேலே நகத்தில் இடறுகிற அளவுக்குத் தூக்கிக்கொண்டு நின்றது. அவனுடைய பழைய துப்பாக்கியின் அறை கொஞ்சம் நீளம்.

விரலால் தடவிக்கூட சொல்லிவிடக்கூடிய விஷயம். எழுபது வயதுக்காரர், ஐம்பது வருடம் அதையே தொழிலாகச் செய்தவர், அவளுக்கு எந்தக் கருவியில் அது தெரியாதோ அதைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்திருக்கிறார்.

"இதை எடுத்துட்டு உங்க அண்ணன்கிட்ட ஓடிடலாமா?" என்றான் மெர்ல்.

ஓடிப் பயனில்லை என்று இங்காவுக்குத் தெரியும். ரஸ்க்கிடம் அந்த இரண்டும் இல்லை என்றால், ரஸ்க் தூக்கி எறிந்துவிட்டான் என்பான் ஆண்டர்ஸ். அந்த இரண்டையும் அவன் உள்ளங்கையில் வைத்தால்தான் நம்புவான். ஆர்லோ அவற்றை எறிந்திருப்பாரா? எறிகிறவராக இருந்தால் சுட்டு வீழ்த்தியவன் பக்கத்தில் மண்டியிட்டுப் பொறுக்கியிருக்க மாட்டார்.

மணி மூன்றே கால்.

கடையில் மூடியாகிவிட்டது என்ற பலகை தொங்கியது. கதவு பூட்டியிருக்கவில்லை. மெர்ல் பின்பக்கம் போனான். ஆர்லோவின் வேலை மேஜை அங்கேதான். இங்கா முன்பக்கம் நுழைந்து, வெர்னியரின் முள் ஒட்டிக்கொள்கிறது, மாற்றித் தர வேண்டும் என்றாள். ஆர்லோ சிரித்தார். வாங்கிப் பார்த்தார், நகர்த்தினார், ஒன்றுமில்லையே என்று திருப்பித் தந்தார்.

"அப்படியே ஒரு தோள் கேஜும் குடுங்க" என்றாள்.

"அதான் உனக்குத் தேவையில்லேன்னேனே."

"குதிரைக்கு வாலை அளந்து பாத்தா வாங்குவேன்னு மெர்ல்கிட்ட கேட்டீங்களாமே."

ஆர்லோவின் முகத்திலிருந்து சிரிப்பு போகவில்லை. அது அப்படியே இருக்க, கண் மட்டும் மாறியது. அந்த நேரம் பார்த்துப் பின்னறையிலிருந்து மெர்லின் குரல் வந்தது. "அம்மணி, இங்க அஞ்சு மான் தலை தொங்குது. டப்பா டப்பாவாக் கூடு. ரெண்டை மட்டும் தனியாச் சின்னக் கிண்ணத்துல எடுத்து வெச்சிருக்காரு, மத்ததோட சேராத ரெண்டு."

ஆர்லோவின் வலது கை மேஜைக்குக் கீழே போனது. இங்கா யோசிக்காமல் தரையில் விழுந்தாள்.

மேஜையின் முன்பலகையைப் பிய்த்துக்கொண்டு ரவை வெளியே வந்தது. கண்ணாடிப் பெட்டி மொத்தமாக அவள் முதுகில் கொட்டியது. காதுக்குள் ஓயாத ஒரு ரீங்காரம். அதற்கு மேலாக இரண்டாவது வெடி. பின்னறை வாசலில் தலை நீட்டிய மெர்ல் சுழன்று விழுந்தான், சுவரெல்லாம் சிவப்பு. ஆர்லோ தன் இரட்டைக் குழல் துப்பாக்கியை மடக்கித் திறந்தார். எழுபது வயது விரல்கள் புதுத் தோட்டாக்களைத் தேடி அலமாரியில் துழாவின. ஒன்றை உள்ளே தள்ளிவிட்டார். அதற்குள் இங்கா கண்ணாடித் துண்டுகளின் மேலேயே உந்தி மேஜை மேல் பாய்ந்தாள். கையில் இருந்தது வெர்னியர்தான். அதன் கூர்மையான எஃகுத் தாடைகளை அவருடைய புறங்கையில் வைத்துத் தன் எடை முழுவதையும் அதன் மேல் போட்டாள். கையைத் துளைத்து மரத்தில் இறங்கி நின்றது.

ஆர்லோ அலறினார். அந்த அலறல் அவளுக்குப் போதவில்லை. துப்பாக்கியைப் பிடுங்கி எறிந்தாள். அவர் முகத்தில் முழங்கையால் இடித்தாள். மூக்கு உடைந்த சத்தம் கேட்டது. திரும்பவும் இடித்தாள். பிறகு தன் கைத்துப்பாக்கியை எடுத்து அவர் நெற்றியில் அழுத்தினாள்.

வேட்டை உரிமம் இல்லாமல் கொம்புள்ள மான்களைத் தலைக்காகச் சுட்டு வந்ததை, நீல்ஸ் அந்தப் பள்ளத்தில் தற்செயலாக வந்து பார்த்துவிட்டதை, அவர் ரத்தத்தைத் துப்பித் துப்பிச் சொன்னார். அதைப் பற்றி அவள் கேட்கவே இல்லை. அவள் கேட்டது ஒன்றுதான். அந்த இரண்டைப் பொறுக்கும்போது தம்பிக்கு உயிர் இருந்ததா என்று.

ஆர்லோ கண்ணை மூடிக்கொண்டார்.

"என்னையே பாத்துக்கிட்டிருந்தான். நான் அதுக்குன்னு குனியலைம்மா. கை தானாப் போச்சு."

இங்காவின் விரல் விசையை மடக்கத் தொடங்கியது. பாதி தூரம் போயிற்று. அந்தப் பாதியில் அவள் எவ்வளவு நேரம் நின்றாள் என்று பின்னால் அவளால் சொல்ல முடிந்ததில்லை. சுவரோரம் மெர்ல் எழுந்து உட்கார்ந்து, தலையின் இடது பக்கத்தைத் தடவிப் பார்த்தான். காதில் பாதி இல்லை.

"தொப்பி இனிமே ஒரு பக்கமாத்தான் சாயும்" என்றான். அப்புறம், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, கிண்டல் இல்லாமல் சொன்னான். "அம்மணி. மணி நாலு ஆகப் போவுது. அங்க ஒருத்தர் காத்திருக்காரு."

அவள் விசையிலிருந்து விரலை எடுத்தாள்.

ஆர்லோவைத் தண்ணீர்க் குழாயோடு சேர்த்து விலங்கு மாட்டி, மெர்லைக் காவல் வைத்துவிட்டு, கிண்ணத்தில் இருந்த இரண்டு கூட்டையும் எடுத்துக்கொண்டு அவள் தனியாக ஓட்டினாள். சாலையெங்கும் கண்ணாடியாக உறைந்திருந்தது. இரண்டு இடத்தில் வண்டி பக்கவாட்டில் வழுக்கிப் போனது. ரஸ்க்கின் வீடு கண்ணில் பட்டபோது மலைக்குப் பின்னால் ஒரு மஞ்சள் கோடுதான் மிச்சம். ஆண்டர்ஸ் கன்னத்தைத் துப்பாக்கியோடு ஒட்டிவிட்டிருந்தான்.

அவள் தன் வண்டியை அவன் துப்பாக்கிக்கும் ரஸ்க்கின் கதவுக்கும் நடுவில் கொண்டுபோய் நிறுத்தினாள். இறங்கி நடந்து, பிக்கப்பின் மறுபக்கக் கதவைத் திறந்து அவன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். உடம்பெல்லாம் கண்ணாடிக் கீறல். அவன் அதைப் பார்த்தான். அவள் ஆர்லோ என்ற பெயரைச் சொல்லி, கேஜையும் இரண்டு கூட்டையும் இருக்கையில் வைத்தாள்.

ஆண்டர்ஸ் எளிதில் நம்புகிற ஆள் இல்லை. அடுத்தவன் கருவியை அவன் எப்போதும் முதலில் சோதிப்பான். தன் துப்பாக்கியின் போல்ட்டைப் பின்னால் இழுத்து, அறையில் இருந்த தோட்டாவை வெளியே எடுத்தான். ரஸ்க்குக்காக மூன்றரை மணி நேரமாக உள்ளே காத்திருந்த தோட்டா. அதைக் கேஜில் போட்டான். விளிம்போடு மட்டமாக நின்றது. கேஜ் சரி. அதை எடுத்து வைத்துவிட்டு ஆர்லோவின் முதல் கூட்டைப் போட்டான். கட்டைவிரலால் விளிம்பைத் தடவினான். நகம் இடறியது. இரண்டாவதைப் போட்டான். தடவினான். பிறகு ரொம்ப நேரம் தடவிக்கொண்டே இருந்தான்.

"ஆர்லோ செத்துட்டானா?"

"உசுரோட இருக்கான்."

"நீ அங்க இருந்த. கையில துப்பாக்கி இருந்துச்சு."

"இருந்துச்சு."

"அப்புறம் ஏன்?"

இங்காவின் புருவத்துக் காயம் மறுபடி திறந்து கண்ணுக்குள் வழிந்தது, துடைத்துக்கொண்டாள்.

"நான் சுட்டிருந்தா நீயும் சுட்டிருப்பே, அண்ணா. நான் ஒருத்தனைக் கொன்னுட்டு வந்து, நீ கொல்லாதேன்னு எந்த வாயால சொல்றது? நாளைக்கு நீல்ஸைப் பொதைக்கறோம். அவனைத் தூக்க நீ வேணும்."

ஆண்டர்ஸ் இருக்கையில் கிடந்த தோட்டாவை எடுத்தான். துப்பாக்கிக்குள் இன்னும் நாலு இருப்பது இருவருக்கும் தெரியும். ஆர்லோ இருக்கிற ஊருக்குப் பதினைந்து நிமிடம்தான். அவன் தோட்டாவைப் பையில் போட்டான். துப்பாக்கியின் போல்ட்டை முழுவதுமாக உருவி எடுத்து, அவள் மடியில் வைத்தான். அது இல்லாமல் அந்தத் துப்பாக்கி வெறும் குழாய்.

பிறகு இறங்கினான். தொப்பியைக் கழற்றினான். சாலையைக் கடந்து, ரத்தம் உறைந்த படிகளில் ஏறி, ரஸ்க்கின் கதவைத் தட்டினான்.

வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கதவு ஒரு சாண் திறந்தது. முதலில் வெளியே வந்தது துப்பாக்கிக் குழல். ஆண்டர்ஸின் மார்புக்கு நேரே வந்து நின்றது. அதற்குப் பின்னால் துண்டு கட்டிய தலை, வீங்கி மூடிய ஒரு கண். ரஸ்க்கால் பேச முடியாது. ஆண்டர்ஸ் நகரவில்லை. தொப்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான். வண்டிக்குள் இங்கா போல்ட்டை உள்ளங்கை வலிக்க அழுத்திக்கொண்டிருந்தாள்.

மலை மேல் மஞ்சள் கோடு அணைந்தது. குழல் உள்ளே போயிற்று.

கதவு சாத்தப்படவில்லை.